டாக்கும் ஸ்டீயரிங்கும் ஒரே ஷிஃப்ட்ல: எல்டிஎல் லாரி வேலைக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, டாக்ல மூணு மணி நேரம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினதை லாக்ல ஆஃப் ட்யூட்டின்னு போட்டுக்கலாமா, அப்போ நான் லாரியே ஓட்டலையே?" போன மாசம் புதுசா சிடிஎல், அதாவது லாரி ஓட்டற லைசென்ஸ், எடுத்த ஒரு தம்பி இப்படிக் கேட்டான். (டாக்னா டெர்மினல்ங்கற சரக்கு நிலையத்துல ஏத்தி இறக்கற மேடை, லாக்னா டிரைவரோட வேலை நேரப் பதிவு.) நல்ல பையன், ஏமாத்தணும்னு கேக்கல, நிஜமாவே தெரியாம கேட்டான். போடக்கூடாதுப்பான்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிருக்கலாம், ஆனா ஏன் போடக்கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆயிடுச்சு, அதையெல்லாம் இங்க எழுதி வச்சா அவனை மாதிரி இருக்கிற மத்தவங்களுக்கும் ஆகுமேன்னுதான் இது.

நான் சொல்றது அமெரிக்காவுல எல்டிஎல் வேலை பத்தி. அதாவது ஒரு ட்ரெய்லர் முழுக்க ஒரே கஸ்டமர் சரக்கு இல்லாம, பத்து இருவது பேரோட பேலட்டுகளை (சரக்கு அடுக்கின மரத்தட்டு) ஒண்ணா ஏத்தி, டெர்மினல் டெர்மினலா இறக்கி மாத்தி அனுப்புற வேலை. இந்த வேலைல டாக் இல்லாம டிரைவிங் இல்ல. பல கம்பெனில டிரைவரே இறங்கி சரக்கைப் பிரிச்சு ஏத்தணும். சம்பளம் நிலையா வரும், நிறைய ரூட்டுல தினமும் வீட்டுக்கு வரலாம், அதனால எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஆனா ரெண்டையும் சேர்த்து செய்யறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, அது தெரியாம இறங்கினா உடம்பும் போகும் லைசென்ஸும் போகும்.

முதல் படி: உங்க வேலை எந்த வகைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க

வேலைக்கு சேரும்போது "கொஞ்சம் டாக் வேலையும் இருக்கும்"னு சொல்லுவாங்க. அந்த கொஞ்சம் எவ்வளவுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. சிட்டி டிரைவர்னா காலைல டாக்ல உங்க ரூட்டு சரக்கை நீங்களே ஏத்திட்டு கிளம்பி, டெலிவரி பிக்கப் எல்லாம் முடிச்சு சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி டாக். லைன்ஹால்னா ராத்திரி ஒரு டெர்மினலுக்கு ஓட்டிட்டுப் போய், அங்க மூணு மணி நேரம் சரக்கு பிரிச்சு ஏத்திட்டு, வேற செட்டை (பெரும்பாலும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு ட்ரெய்லர்) மாட்டிக்கிட்டு திரும்பி வரணும். மூணாவது வகை, டாக் ஆளா சேர்ந்து கம்பெனி செலவுலயே சிடிஎல் எடுத்து டிரைவர் ஆகறது, இதுல ட்ரெய்னிங் முடிஞ்ச பிறகும் கொஞ்ச காலம் பாதி டாக் பாதி ரோடுன்னுதான் ஓடும்.

இன்டர்வியூலயே கேளுங்க: டாக் மணி நேரத்துக்கு என்ன ரேட், மைலுக்கு என்ன ரேட், டாக் வேலை ஓட்டறதுக்கு முன்னாடியா பின்னாடியா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி, வண்டி ரிப்பேராகி நின்னா காசு உண்டா, சரக்கு வராம காத்திருந்தா காசு உண்டா. ஓவர்டைமையும் கட்டாயம் கேளுங்க. மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்கைக் கையாளுற டிரைவர், ஹெல்பர், லோடர், மெக்கானிக் இவங்களுக்கு ஃபெடரல் சட்டத்துல 40 மணி நேரத்துக்கு மேல ஒன்றரை மடங்கு சம்பளம் கட்டாயம் இல்ல, மோட்டார் கேரியர் விலக்குன்னு ஒண்ணு இருக்கு. நிறைய கம்பெனி தானா குடுக்கறாங்க, சில மாநில சட்டம் வேற மாதிரி இருக்கு, அதனால நமக்கு கிடைக்கும்னு நெனச்சு கணக்கு போட்டுறாதீங்க, எழுத்துல வாங்கிக்கோங்க.

ஒரே ஆள் ரெண்டும் செய்யணுமாங்கறது இந்த தொழில்ல பழைய சண்டை. டீம்ஸ்டர்ஸ் யூனியன் இருக்கிற இடங்கள்ல ரோடு டிரைவர் டாக் வேலை செய்யறதை லேசுல ஒத்துக்க மாட்டாங்க. யெல்லோங்கற எல்டிஎல் கம்பெனி 2023 ஜூலை கடைசில மூடறதுக்கு முன்னாடி நடந்த இழுபறிலயும் இந்த விஷயம் இருந்துச்சு. அதனால நீங்க சேர்ற இடத்துல யூனியன் ஒப்பந்தம் இருந்தா அதுல உங்க வேலை எதெதுன்னு எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க.

ரெண்டாவது படி: கடிகாரத்தைப் புரிஞ்சுக்கோங்க, இதுதான் அடிப்படை

தம்பி கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்துட்டு வேலைக்கு வந்த நிமிஷத்துலேர்ந்து 14 மணி நேர கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. அதுக்குள்ள அதிகபட்சம் 11 மணி நேரம்தான் லாரி ஓட்டலாம். டாக்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாலும், பேலட் ஜாக் இழுத்தாலும், பில்லு சரிபார்த்தாலும் எல்லாமே ஆன் ட்யூட்டி, ஓட்டாத வேலை. அது 11-ல கழியாது, ஆனா 14-ஐ தின்னுக்கிட்டே இருக்கும். நடுவுல சாப்பிட உக்காந்தாலும் 14 நிக்காது. வாரக் கணக்குலயும் டாக் மணி நேரம் முழுசா சேரும், அதாவது 7 நாள்ல 60 மணி நேரம், இல்ல தினமும் வண்டி ஓடுற கம்பெனினா 8 நாள்ல 70 மணி நேரம். தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வு எடுத்தா அந்த வாரக் கணக்கு புதுசா ஆரம்பிக்கும்.

லீவு நாள்ல வேற கம்பெனி கோடவுன்ல போய் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் அதுவும் ஆன் ட்யூட்டி கணக்குதான். இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

ஒரு ராத்திரியை கணக்கு போட்டுப் பாருங்க. வந்து வண்டி செக் பண்ணி ரெண்டு ட்ரெய்லரையும் மாட்ட 45 நிமிஷம். போக நாலரை மணி நேரம். கழட்ட கால் மணி. டாக்ல 3 மணி நேரம். திரும்ப மாட்ட முக்கால் மணி. திரும்பி வர நாலரை. கூட்டினா 13 மணி 45 நிமிஷம். ஓட்டினது 9 மணி நேரம்தான், 11-க்கு இன்னும் 2 மணி நேரம் பாக்கி இருக்கற மாதிரி தெரியும், ஆனா 14-ல பாக்கி 15 நிமிஷம்! ரோட்டுல ஒரு ஆக்ஸிடென்ட், ஒரு டயர், அவ்வளவுதான். டாக்ல சூப்பர்வைசர் "இன்னும் ஒரே ஒரு ட்ரெய்லர்"னு கேட்டா அந்த 15 நிமிஷத்தைத்தான் கேக்குறாரு. எதிர்பாராம பனி, மூடுபனி, ரோடு அடைப்பு வந்தா 2 மணி நேரம் கூடுதலா ஓட்ட விதி இருக்கு, ஆனா டாக்ல லேட்டானது அந்தக் கணக்குல வரவே வராது.

அதனால டாக்ல இறங்கின உடனே நான் செய்யற முதல் வேலை, எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தே ஆகணும்னு பின்னாலேர்ந்து எண்ணி கையில பேனாவால எழுதிக்கறது. 14 எப்போ முடியுதோ அதுலேர்ந்து ஓட்ட வேண்டிய நேரம், மாட்டற நேரம், அது போக ஒரு மணி நேரம் கையிருப்பு, இதெல்லாம் கழிச்சா வர்ற நேரம். மேல சொன்ன கணக்குப்படி அந்த ஒரு மணி நேர கையிருப்பு வேணும்னா டாக்ல ரெண்டே கால் மணி நேரம்தான் நிக்க முடியும். இதை சூப்பர்வைசர்கிட்ட இறங்கின உடனே சொல்லிடுங்க, "2:40-க்கு நான் டாக்கை விடணும் சார்"னு. கடைசி நிமிஷத்துல சொன்னா சண்டை, முதல்லயே சொன்னா அவரு அதுக்கு ஏத்த மாதிரி ட்ரெய்லர் பிரிச்சுக் குடுப்பாரு.

இன்னும் சிலது சுருக்கமா. 8 மணி நேரம் ஓட்டினதுக்கு அப்புறம் மேல ஓட்டணும்னா நடுவுல 30 நிமிஷ இடைவெளி வேணும், 2020-ல விதி மாறினதுலேர்ந்து டாக் வேலையே அந்த இடைவெளியா கணக்காகுது (சட்டத்துக்கு சரி, உடம்புக்கு அது ஓய்வு இல்ல). சிட்டி டிரைவர் டெர்மினல்லேர்ந்து 150 ஏர் மைலுக்குள்ள (நேர்க்கோட்டுத் தூரம்) ஓட்டி 14 மணி நேரத்துக்குள்ள திரும்பி வந்தா இ.எல்.டி (லாக்கைத் தானா பதியற மின்னணுக் கருவி) தேவையில்ல, வந்த நேரம் போன நேரம் குறிச்சா போதும். யார்டுக்குள்ள ட்ரெய்லர் நகர்த்தும்போது இ.எல்.டில யார்ட் மூவ் போட மறந்தா அது ஓட்டின கணக்குல ஏறிடும், பத்து பத்து நிமிஷமா வாரத்துக்கு எவ்வளவு போகுதுன்னு பார்த்தா வயிறு எரியும். 14 முடிஞ்ச பிறகு லாரி ஓட்டக்கூடாதே தவிர டாக்ல வேலை செய்ய சட்டம் தடுக்கல, ஆனா அந்த வேலை முடிஞ்ச பிறகுதான் உங்க 10 மணி நேர ஓய்வு ஆரம்பிக்குது, அதனால நாளைக்கு கிளம்பற நேரமும் தள்ளிப் போகும். வேணும்னா "சரி, ஆனா நாளைக்கு இத்தனை மணிக்குத்தான் வர முடியும்"னு சொல்லிட்டு செய்யுங்க.

மூணாவது படி: டாக்ல சரக்கு ஏத்தும்போது டிரைவர் கண்ணோட ஏத்துங்க

ரெண்டும் செய்யறவனுக்கு இருக்கிற பெரிய லாபம் இதுதான், உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு ஓட்டலாம். வெறும் டிரைவருக்கு சீல் போட்ட கதவுதான் தெரியும்.

நான் சேர்ந்த புதுசுல, கிளம்ப நேரமாச்சேன்னு அவசரத்துல ஒரு பப்போட, அதாவது 28 அடி குட்டி ட்ரெய்லரோட, கடைசி வரிசைல உயரமான ஒரு க்ரேட்டை வச்சேன், அடி குறுகல், தலை கனம். லோட் பார் (சரக்கு நகராம குறுக்க போடற கம்பி) ஒண்ணே ஒண்ணு போட்டேன், அதுவும் பாதி உயரத்துல. பக்கத்துல ஒரு பேலட் அகலத்துக்கு காலி இடம். அதை அடைக்க காலி பேலட்டு ரெண்டு அங்கயே சுவர்ல சாஞ்சு நின்னுச்சு, எடுத்து சொருக ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஹைவேலேர்ந்து இறங்குற வளைவுல பின்னாடி "தொம்"முனு ஒரு சத்தம், ஸ்டீயரிங்ல லேசா ஒரு இழுப்பு. மெதுவா ஓரங்கட்டி நின்னேன், கை நடுங்குச்சு. டெர்மினல்ல போய் கதவைத் தொறந்தப்போ க்ரேட் சாஞ்சு பக்கத்துச் சுவர்ல முட்டி நின்னுச்சு, கீழ இருந்த பெயின்ட் டப்பா நசுங்கி வெள்ளை பெயின்ட் கதவு இடுக்குல வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அது வேற யாரோ ஏத்தினதா இருந்தா திட்டியிருப்பேன். ஏத்தினது நான், ஓட்டினதும் நான்.

அன்னைலேர்ந்து ஒவ்வொரு வரிசையும் முடிஞ்ச உடனே பின்னாடி வந்து நின்னு பார்க்கறேன், இப்போ பிரேக்கை ஓங்கி அழுத்தினா எது முன்னாடி வரும், வளைவுல எது சாயும்னு. கனமானது கீழ, லேசானது மேல. இடைவெளி இருந்தா காலி பேலட்டோ ஏர் பேகோ வச்சு அடைங்க. உயரமான சரக்குக்கு ஸ்ட்ராப் மேல் பாதியில போகணும். ஷ்ரிங்க் ராப் கிழிஞ்சிருந்தா அங்கயே மறுபடி சுத்துங்க. 28 அடி பப்ல சாதாரண 48-க்கு 40 இன்ச் பேலட் தரையில 14 நிக்கும், அதுக்கு மேல டெக்கிங் பீம் (மேல் அடுக்கைத் தாங்கற குறுக்குக் கட்டை) போட்டுத்தான் ஏத்தணும், பேலட் மேல பேலட்டை சும்மா தூக்கி வைக்காதீங்க.

எடையைப் பாருங்க. ஃபெடரல் கணக்குல மொத்தம் 80,000 பவுண்டு, ஒத்தை ஆக்ஸிலுக்கு 20,000, டேண்டத்துக்கு (ஜோடி ஆக்ஸில்) 34,000. டபுள்ஸ்னா, அதாவது ரெண்டு ட்ரெய்லர் செட்னா, கனமான ட்ரெய்லர்தான் முன்னாடி வரணும். பின் ட்ரெய்லர் கனமா இருந்தா ஸ்டீயரிங்கை லேசா வெட்டினாலே சாட்டை நுனி மாதிரி பின்னாடி வீசும். மூணு ட்ரெய்லர் செட்டோட கடைசி ட்ரெய்லர் கவிழற வாய்ப்பு சாதாரண அஞ்சு ஆக்ஸில் வண்டியை விட மூணரை மடங்குன்னு சிடிஎல் புத்தகத்துலயே போட்டிருக்கு. டாக்ல இருக்கும்போதே ரெண்டு ட்ரெய்லரோட மேனிஃபெஸ்ட் (சரக்குப் பட்டியல்) எடையையும் பார்த்து எது முன்னாடின்னு முடிவு பண்ணிட்டா, யார்டுல மாட்டின பிறகு கழட்டி மாத்தற அரை மணி நேரம் மிச்சம்.

ஹேஸ்மேட், அதாவது ஆபத்தான சரக்குல ஒரு நிமிஷம் கூட மிச்சம் பிடிக்காதீங்க. அமில வகை திரவத்தை எரியற சரக்குக்கோ ஆக்ஸிடைஸருக்கோ மேலயும் பக்கத்துலயும் வைக்கக்கூடாது, சயனைடும் ஆசிடும் சேரவே கூடாது, பாய்சன் லேபிள் இருக்கிறதை சாப்பாட்டு சரக்கோட போடறது சாதாரணமா கிடையாது. நிறைய வகைகளுக்கு மொத்தம் 1,001 பவுண்டு ஆச்சுன்னா நாலு பக்கமும் ப்ளாக்கார்டு (அபாய அடையாளப் பலகை) வேணும், சில வகைக்கு ஒரே ஒரு பவுண்டு இருந்தாலும் வேணும். அந்த சரக்கோட பேப்பர், சீட் பெல்ட் போட்டு உக்காந்த இடத்துலேர்ந்து கை எட்டற தூரத்துல இருக்கணும். டாக்ல கடைசியா ஏத்தின ஒரு ட்ரம்மால ப்ளாக்கார்டு மாறலாம், அதனால கதவு சாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

நாலாவது படி: உடம்பை ரெண்டு வேலைக்கும் பங்கு போடுங்க

நாலரை மணி நேரம் உக்காந்து ஓட்டிட்டு வந்து கேபின்லேர்ந்து இறங்கின உடனே பாரம் தூக்கினா முதுகு பிடிச்சுக்கும். இறங்கினதும் அஞ்சு நிமிஷம் நடங்க, அந்த நடையிலயே வண்டியைச் சுத்தி டயரும் லைட்டும் பார்த்துடலாம், ரெண்டு வேலையும் ஆச்சு. கேபின்லேர்ந்தும் டாக்லேர்ந்தும் குதிக்காதீங்க. டாக் தரை சுமார் நாலு அடி உயரம், முழங்கால் தேயறதே இந்த குதிப்புலதான், மூணு பிடி வச்சு (ரெண்டு கை ஒரு கால், இல்ல ரெண்டு கால் ஒரு கை) படிப்படியா இறங்குங்க.

ஃபோர்க்லிஃப்ட்டை ஷிஃப்டுக்கு முன்னாடி செக் பண்ணணும், ட்ரெய்லர் உள்ள போறதுக்கு முன்னாடி வீல் சாக் (சக்கரத்துக்கு முட்டுக் கட்டை) இல்லன்னா டாக் லாக் போட்டிருக்கான்னு பார்க்கணும், இதெல்லாம் ஓஷா (வேலை இடப் பாதுகாப்பைப் பார்க்கற அரசுத் துறை) விதி. சிடிஎல் இருக்குங்கறதுக்காக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக்கூடாது, கம்பெனி தனியா ட்ரெய்னிங் குடுத்து சரிபார்க்கணும், 3 வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி பார்க்கணும். அவசரத்துல "நீ எடுத்து ஓட்டுப்பா"னு யாராவது சொன்னா ட்ரெய்னிங் ஆகலைன்னு சொல்லிடுங்க.

ரெண்டு ஜோடி ஷூ வச்சுக்கோங்க. டாக்குக்கு முன்பக்கம் இரும்பு வச்சது, ஓட்டறதுக்கு லேசானது. வேர்வைல நனைஞ்ச சட்டையோட ஏசில உக்காந்து நாலு மணி நேரம் ஓட்டினா தசை பிடிச்சுக்கும், மாத்து சட்டை ஒண்ணு பையில இருக்கட்டும். டாக்ல இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிங்க, கிளம்பறப்போ மொத்தமா குடிச்சா ரோட்டுல நிக்க இடம் தேடணும். வயிறு முட்ட சாப்பாடு டாக் முடிஞ்ச உடனே வேணாம், அரை வயிறு போதும்.

அஞ்சாவது படி: தூக்கம்

இதுக்குத்தான் நான் மேல எழுதின எல்லாமே. 1997-ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வுல, 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட செயல்பாடு ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு இறங்கிடுதுன்னு அளந்து காட்டினாங்க. லாரி டிரைவருக்கு சட்டம் வச்ச எல்லை 0.04. இதை உங்க நாளோட ஒட்டிப் பாருங்க: மத்தியானம் ஒரு மணிக்கு எழுந்து, வீட்டு வேலை பார்த்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பிச்சா, காலைல ஆறு மணிக்கு ஸ்டீயரிங்ல இருக்கும்போது 17 மணி நேரம் ஆச்சு. லாக்ல எல்லாம் பச்சையா இருக்கும், 14-க்குள்ளதான் இருப்பீங்க, ஆனா உடம்பு அந்த நிலைல இருக்கும். அதுவும் விடியற்காலை, இயல்பாவே தூக்கம் அழுத்தற நேரம்.

டாக்ல நடந்துக்கிட்டு சத்தத்துக்கு நடுவுல இருக்கும்போது களைப்பு தெரியாது. கேபின்ல ஏறி கதவை சாத்தி, ஹீட்டர் போட்டு, ரோடு நேரா போகும்போது இருவது நிமிஷத்துல தெரியும். அதனால "டாக்ல நல்லாத்தானே இருந்தேன்"ங்கறதை நம்பாதீங்க. நான் செய்யறது இது: ஷிஃப்டுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம் படுத்துடுவேன், தூக்கம் வந்தாலும் வரலைன்னாலும். டாக் முடிஞ்சு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி கையிருப்பு நேரம் இருந்தா இருவது நிமிஷம் குட்டித் தூக்கம், எழுந்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் ஸ்டீயரிங், ஏன்னா எழுந்த உடனே மூளை மந்தமா இருக்கும், அந்த நேரத்துல ட்ரெய்லர் மாட்டற வேலையைப் பார்க்கலாம். காபி டாக் முடியற நேரத்தோட சரி, வீட்டுக்கு வர்ற வழியில குடிச்சா பகல் தூக்கம் கெடும்.

ஆறாவது படி: முடியாதுன்னு சொல்லக் கத்துக்கோங்க

இது எனக்கு வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. நம்ம ஆளுங்க பெரியவங்க சொன்னா தட்டிப் பேசக் கூடாதுன்னு வளர்ந்தவங்க, வேலை போயிடுமோன்னு பயம் வேற. ஆனா களைப்பா இருந்தா ஓட்டக்கூடாதுன்னு ஃபெடரல் விதியே இருக்கு, டிரைவரும் ஓட்டக்கூடாது, கம்பெனியும் ஓட்டச் சொல்லக்கூடாது. மணி நேரம் மீறி ஓட்டச் சொல்லி மிரட்டினா எஃப்எம்சிஎஸ்ஏ-கிட்ட (லாரி பாதுகாப்பைப் பார்க்கற ஃபெடரல் துறை) 90 நாளுக்குள்ள புகார் குடுக்கலாம். பாதுகாப்புக்காக மறுத்ததுக்கு வேலையை விட்டுத் தூக்கினா ஓஷாகிட்ட 180 நாளுக்குள்ள போகலாம்.

அதுக்கு ஆதாரம் வேணும், அதனால வாய் வார்த்தையா சொல்லாம மெசேஜா அனுப்புங்க. "டாக்ல 3:10 வரை வேலை இருந்தது, என் 14 மணி நேரம் 6:00-க்கு முடியுது, திரும்பி வர நாலரை மணி நேரம் வேணும், வண்டியை இங்கயே விட்டு ரூம் எடுக்கவா?" அவ்வளவுதான், கோபம் தேவையில்ல. நேரத்தைப் படிச்சுப் பார்த்தா வண்டிகளை அனுப்பற டிஸ்பேட்சருக்கே புரிஞ்சிடும். என் அனுபவத்துல பத்துக்கு எட்டு தடவை ரூம் போட்டுக் குடுத்துட்டாங்க.

கடைசியா, ஷிஃப்ட் முடிஞ்ச பிறகு

வண்டியை நிறுத்தி, பழுது இருந்தா ரிப்போர்ட் எழுதி, லாக்கைத் தொறந்து டாக் நேரம் சரியா ஏறியிருக்கான்னு அங்கயே பாருங்க. சின்ன நோட்டுல டாக் மணி நேரமும் மைலும் தனித்தனியா எழுதுங்க, சம்பள ஸ்லிப் வரும்போது ஒட்டிப் பாருங்க. தப்பு அதிகமா வர்றது டாக் மணி நேரத்துலதான், அதை பல இடத்துல தனியா பஞ்ச் பண்ணணும், மறந்தா அந்தக் காசு வராது.

அப்புறம் வீட்டுக்கு கார் ஓட்டிட்டுப் போற அந்த அரை மணி நேரம். லாரில எவ்வளவோ கவனமா வந்துட்டு காருல ஏறின உடனே ஆளு தளர்ந்துடறாங்க, இ.எல்.டி இல்ல, கேக்க ஆள் இல்ல. எனக்கு ஒரு நாள் வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னாடி சிக்னல்ல கண்ணு சொருகி, பின்னாடி ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன். இப்போ கார் பின் சீட்டுல ஒரு தலகாணியும் போர்வையும் எப்பவும் இருக்கு. கண்ணு எரிஞ்சா டெர்மினல் பார்க்கிங்லயே அரை மணி நேரம் தூங்கிட்டு, "லேட்டா வரேன், நல்லா இருக்கேன்"னு வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டுத்தான் சாவியைத் திருப்பறேன்.